எதிர் வீட்டு ஐயா படியிறங்கவே யோசிக்கிறார்: நாயை எப்படிப் பழக்குவது?

மாடிவீட்டுக்காரி – ஞாயிறு, காலை 7.40

வணக்கம். மடிப்பாக்கத்தில் எட்டு வீடுகள் கொண்ட சின்ன அடுக்ககம் எங்களுடையது. நாங்கள் இரண்டாவது மாடி. லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த ஒரு பையனை வளர்க்கிறோம். பெயர் வீரா, வயது இரண்டரை. வீட்டுக்குள் தங்கம். வாசலில் காலடிச் சத்தம் கேட்டுவிட்டால் வேறு நாய்.

நேற்று காலை ஆறு மணிக்கு வாக்கிங் கூட்டிப்போகக் கதவைத் திறந்தேன். எதிர் வீட்டு ஐயா பால் பாக்கெட்டோடு படியேறி வந்துகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வீரா ஒரே பாய்ச்சல். செயின் என் கையில்தான் இருந்தது. கடிக்கவில்லை, மேலே படவும் இல்லை. ஆனால் ஐயா சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒரு பாக்கெட் கீழே விழுந்து உடைந்து, பால் மூன்று படி வரைக்கும் வழிந்தது. நான் எப்போதும்போல "ஒன்னும் பண்ணாது சார், பயப்படாதீங்க" என்றேன். அவர் பதில் பேசவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன். ஈரத்துணி கொண்டுவந்து படியைத் துடைத்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆறு மாதமாக அவர் வீட்டம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏன் என்று இப்போதுதான் உறைக்கிறது. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் நாயைப் பற்றி மனு கொடுக்கப் போகிறார்கள் என்றும் கேள்வி. வீராவை எங்கும் கொண்டுபோய் விட மாட்டேன். அதே சமயம், ஒரு பெரியவர் தன் வீட்டுப் படியிலேயே நடுங்கி நிற்பதை இன்னொரு தடவை பார்க்கவும் என்னால் முடியாது. என்ன செய்யலாம்?

கீழ்க்கட்டளை சேகரன் – ஞாயிறு, காலை 8.15

குட்டியில் பழக்கியிருக்க வேண்டும். இரண்டரை வயதுக்கு மேல் மாறுவது கஷ்டம். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

நாலுகால் நண்பன் – ஞாயிறு, காலை 9.05

வாலை நிமிர்த்த வேண்டாம் சார். கதவு திறக்கும்போது நாய் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்தால் போதும். அதற்கு வயது தடை இல்லை. ஒன்பது வயது நாய்க்கும் பழக்கியிருக்கிறேன். பதினோரு வருடமாக இதுதான் என் தொழில்.

மாடிவீட்டுக்காரி, மூன்று கேள்விகள். வீரா கதவருகே குரைக்கும்போது வீட்டில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறீர்கள்? குரைத்த பிறகு வெளியே வந்த ஆள் என்ன ஆகிறார்? அவனிடம் யார் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? மூன்றாவது கேள்வியைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம், பதில் சொல்லுங்கள்.

மாடிவீட்டுக்காரி – ஞாயிறு, காலை 10.30

நான் "ஏய், சும்மா இரு" என்று கத்துவேன். கணவர் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுப்பார். மாமனார் ஒரு பிஸ்கட் கொடுத்து உள்ளே கூட்டிப்போவார். கூரியர்காரர் பொருளை வைத்துவிட்டு ஓடிவிடுவார். நான் "உட்காரு" என்பேன், கணவர் "சிட்" என்பார், பையன் "டவுன்" என்பான், மாமனார் "கீழ உக்காருடா கண்ணா" என்பார்.

எழுதிப் பார்த்த பிறகு எனக்கே ஏதோ புரிகிறது.

நாலுகால் நண்பன் – ஞாயிறு, மதியம் 1.20

நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். இருந்தாலும் விரிவாக எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் கூரியர்காரர். வீராவைப் பொறுத்தவரை ஒரு அந்நியர் வந்தார், இவன் குரைத்தான், அவர் போய்விட்டார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார், அது இவனுக்குத் தெரியாது. தினமும் இரண்டு மூன்று தடவை இந்தப் பாடம் நடக்கிறது. இரண்டு வருடத்தில் எத்தனை தடவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது உங்கள் சத்தம். நீங்கள் திட்டுவதாக நினைக்கிறீர்கள். அவன் காதுக்கு வீட்டுத் தலைவியும் சேர்ந்து குரைக்கிறாள். "அப்போ வந்திருப்பது ஆபத்தான ஆள்தான்" என்று உறுதியாகிறது. கணவர் பின்னால் இழுக்கும்போது கழுத்து வலிக்கிறது, கண் முன்னால் நிற்பது எதிர் வீட்டு ஐயா. அந்த வலியை அவன் யாரோடு சேர்த்து வைப்பான்? பாவ்லோவ் என்ற ரஷ்ய ஆய்வாளரின் நாய்கள் மணிச்சத்தத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துவைத்த கதை எல்லாருக்கும் தெரியும். அதே வேலை வலிக்கும் நடக்கும்.

பெரியவர் கொடுக்கும் பிஸ்கட், குரைத்ததற்குச் சம்பளம். அதிலும் சில நாள் கொடுத்து, சில நாள் கொடுக்காமல் இருந்தால் பழக்கம் இன்னும் கெட்டிப்படும். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை விடாமல் பிடித்து வைக்கும் என்பது ஸ்கின்னர் என்ற உளவியலாளர் காலத்திலிருந்தே ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம்.

இனி செய்ய வேண்டியது. இன்றைக்கே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு வார்த்தையை முடிவு செய்யுங்கள். தமிழில் "உட்கார்" என்றால் எல்லாருக்கும் அதுதான். கதவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி ஒரு தடித்த கால்மிதியைப் போடுங்கள். அதுதான் இனி அவன் இடம். முதல் வாரம் கதவையே தொடாதீர்கள். கால்மிதியில் நாலு காலும் வைத்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி, உட்கார்ந்தால் இன்னொன்று, எழாமல் பத்து எண்ணும் வரை இருந்தால் இன்னொன்று. சுண்டுவிரல் நகம் அளவு துண்டு போதும். இரண்டாவது வாரம் காலிங்பெல் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, மிகவும் குறைந்த ஒலியில் போடுங்கள். காதை மட்டும் திருப்புகிறான், குரைக்கவில்லை என்றால் உடனே கோழி. நாளுக்கு நாள் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். குரைத்துவிட்டால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், ஒரு படி கீழே இறங்குங்கள். அவனைத் திட்ட வேண்டாம்.

படிக்கட்டில் அவன் எவ்வளவு தூரத்தில் மிரள்கிறான் என்று பாருங்கள். பத்தடியில் மிரண்டால் பதினைந்தடியில் பயிற்சி. ஆளைப் பார்த்தான், உடனே உங்கள் முகத்தைப் பார்த்தான், கோழி. இது படியும் வரை ஐயா வரும் நேரத்தில் நீங்கள் வெளியே வரவே கூடாது. ஒவ்வொரு பாய்ச்சலும் பத்து நாள் உழைப்பைக் கரைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பிஸ்கட்டை நிறுத்தியதும் முதல் சில நாள் முன்னைவிட அதிகமாகக் குரைப்பான். இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று முட்டிப் பார்ப்பான். பாதிப் பேர் பயிற்சியைக் கைவிடுவது அந்த நாட்களில்தான். அதனால் அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வேளச்சேரி அம்மா – ஞாயிறு, மாலை 4.50

கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "ஒன்னும் பண்ணாது" என்ற வார்த்தையை நாய் வளர்ப்பவர்கள் அத்தனை பேரும் விட்டுவிட வேண்டும். அதே வார்த்தையை எங்கள் தெருவில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தபோதுதான் என் மகளைக் கெண்டைக்காலில் அவர் நாய் கவ்வியது. அப்போது அவளுக்கு ஆறு வயது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம், வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போட்டார்கள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று தடுப்பூசிக்கு அலைந்தோம். ஊசி முடிந்து ஒரு வருடம் கழித்தும் அவள் அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போக மாட்டாள். சுற்றிப் போவோம்.

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர் இன நாய்கள் குதறிய செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை. உங்கள் நாய் உங்களுக்கு என்ன பண்ணும் என்று உங்களுக்குத் தெரியும். எதிரில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் பயந்தால் அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுத்து நாயைத் தள்ளிப் பிடியுங்கள். "பயப்படாதீங்க" என்று அவருக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

மாடிவீட்டுக்காரி – ஞாயிறு, மாலை 5.10

அக்கா, நீங்கள் சொன்னது உறைத்தது. நேற்றும் அதைத்தான் சொன்னேன். இனி சொல்ல மாட்டேன்.

கீழ்க்கட்டளை சேகரன் – ஞாயிறு, இரவு 8.30

என் அனுபவத்தில் நாய்க்கு எஜமான் யார் என்று காட்டிவிட்டால் போதும். உறுமினால் முதுகில் ஒரு அடி, மல்லாக்கப் போட்டு அமுக்கு. ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அப்படித்தான் செய்யும் என்பார்கள்.

நாலுகால் நண்பன் – ஞாயிறு, இரவு 9.40

சேகரன் சார், நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் கற்றேன், செய்தேன், அதனால் கெட்டுப்போன நாய்களையும் பார்த்தேன். அந்தத் தலைவன் கதை, வேறு வேறு இடத்திலிருந்து பிடித்து ஒரே கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து 1940களில் எழுதியது. அதை உலகம் முழுக்கப் பரப்பியதில் டேவிட் மெக் என்ற ஆய்வாளருக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைக்காலம் இருந்து பார்த்து, 1999இல் அது தவறு என்று எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அம்மா, அப்பா, பிள்ளைகள். ஒரு குடும்பம்.

உறுமலை மட்டும் தயவுசெய்து அடித்து அடக்காதீர்கள். "எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப்போ" என்று நாய் சொல்லும் மரியாதையான வார்த்தை அது. அதைப் பிடுங்கிவிட்டால் பயம் அப்படியே உள்ளே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். "சத்தமே இல்லாமல் திடீரென்று கடித்துவிட்டது" என்று என்னிடம் வந்த வீடுகளில் நான் முதலில் கேட்பது, முன்பு உறுமினால் அடித்தீர்களா என்பதுதான். அதே மாதிரி "குரைக்கிற நாய் கடிக்காது" என்பதை நம்பிக் கையை நீட்டாதீர்கள். பயந்து குரைக்கும் நாய் ஒதுங்க வழியில்லாமல் போனால் கடிக்கும்.

இரவுப்பணி செவிலி – திங்கள், காலை 11.15

நான் எதிர்ப்பக்கத்துக்காரி. நாய் என்னுடையது இல்லை, தூக்கம்தான் என்னுடையது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு நாயைக் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். தகரக் கூரை நிழல், ஒரு கிண்ணம் தண்ணீர். நான் ராத்திரி வேலை முடிந்து ஒன்பது மணிக்குப் படுத்தால், விடாமல் ஒரே தாளத்தில் குரைக்கிறது. கோபம் வருகிறது, அந்த நாயைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. சண்டை போடாமல் எப்படிச் சொல்வது?

வக்கீல் குமாஸ்தா – திங்கள், மதியம் 12.05

சட்டம் இரண்டு பக்கமும் பேசுகிறது. கட்டியே போட்டு, வெளியே கூட்டிப்போகாமல் நாய் வளர்ப்பது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவின்படி கொடுமை. நாயைக் கவனமில்லாமல் விட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்தாகும்படி செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 291ஆவது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சமயம், பெரும்பான்மை ஓட்டுப் போட்டு நாயே வளர்க்கக் கூடாது என்று அடுக்ககச் சங்கம் தடை போட முடியாது. லிப்டில் ஏற்றாதே என்றும் சொல்லக் கூடாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் கொடுத்த வழிகாட்டுதல் இது. சென்னையில் மாநகராட்சி உரிமம் எடுத்தாக வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். மாடிவீட்டுக்காரி, கூட்டத்துக்கு முன்பே இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பதினெட்டு வருடம் கோர்ட் வாசலில் நிற்பவன் சொல்கிறேன்: அண்டை வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டால் யாரோ ஒருவர் ஜெயிப்பார். அப்புறமும் அதே சுவருக்கு இரண்டு பக்கமும்தான் குடியிருக்க வேண்டும்.

நாலுகால் நண்பன் – திங்கள், மதியம் 2.00

செவிலி அம்மா, ஒரே தாளத்தில் மணிக்கணக்காகக் குரைப்பது பெரும்பாலும் தனிமை. மூன்று நாள், எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேலைக்குப் போவதால் அது குரைப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் போய், "உங்க நாய் பகல்ல ரொம்ப அழுவுது, உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்" என்று ஆரம்பியுங்கள். உங்கள் தூக்கத்தை இரண்டாவதாகச் சொல்லுங்கள். காலையில் முக்கால் மணி நேரம் நன்றாக மோப்பம் பிடிக்க விட்டு நடக்க வைத்து, பகலில் வீட்டுக்குள் வைத்தாலே பாதி குறையும்.

கரிசல்காட்டான் – திங்கள், இரவு 7.45

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. நான் விருதுநகர் மாவட்டம், கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு வீட்டில் பால் மாதிரி வெள்ளையாக ஒரு ராஜபாளையம் நாய். கூப்பிட்டால் வராது, தெருப்பிள்ளைகள் கிட்டே போனால் சட்டென்று திரும்பிக் கவ்வ வரும். "திமிர் பிடித்த நாய்" என்று தெருவே பேசியது, இரண்டு குடும்பத்துக்குக் கைகலப்பே ஆகிவிட்டது. நான் போய் நாய்க்குப் பின்னால் நின்று ஒரு பித்தளைத் தட்டைத் தட்டினேன். காது கூட அசையவில்லை. பிறவிச் செவிடு. அந்த இனத்தில் வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை அது. பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

கையசைவில் பழக்கச் சொன்னேன். உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்கார், மார்பைத் தட்டினால் வா. தெருப்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தோம்: முன்னால் வந்து, அது பார்த்த பிறகுதான் கிட்டே போகணும். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகளே அதை உட்கார வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அடிபட்டு வளர்ந்திருந்தால் அந்த நாய் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

தோ பாயோ தமிழன் – செவ்வாய், காலை 6.20

சிங்கப்பூரில் அரசு அடுக்ககங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்கள். உள்ளூர்க் கலப்பு நாய்களைத் தத்தெடுக்க 'அடோர்' என்று தனித் திட்டம் உண்டு. அதில் எடுத்தால் நாய்க்குக் கீழ்ப்படிதல் பயிற்சி கொடுத்தாக வேண்டும். நானும் போனேன். வகுப்பில் பாதி நேரம் நாய்க்கு இல்லை, எனக்குத்தான் பாடம். செயினை நான் இறுக்கிப் பிடித்த மறுநொடி என் நாய் விறைத்ததை அங்கேதான் முதன்முதலில் கவனித்தேன்.

புதுக்குட்டி அப்பா – செவ்வாய், காலை 9.00

என் குட்டிக்கு ஒன்பது வாரம். தடுப்பூசி முடியும் வரை வெளியே கொண்டுபோகாதே என்கிறார்கள். அப்போ எப்படிப் பழக்குவது?

நாலுகால் நண்பன் – செவ்வாய், காலை 9.25

தரையில் விடாதீர்கள், கையில் தூக்கிக்கொண்டு போங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை பார்த்ததையெல்லாம் குட்டி "இது சகஜம்" என்று எடுத்துக்கொள்ளும். ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருடம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதியது, இன்றும் நிற்கிறது. ஹெல்மெட் போட்டவர், ஊன்றுகோல் வைத்திருப்பவர், பர்தா அணிந்தவர், குடை, குக்கர் விசில், ஆட்டோ, எல்லாம் தூரத்திலிருந்து காட்டுங்கள். அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் முதலில் கொண்டுபோங்கள். தொடப் பிடிக்காதவர்கள் என்றால் அவர்கள் குரலை மட்டும் கேட்கட்டும்.

மாடிவீட்டுக்காரி – பதினொரு நாள் கழித்து, சனி, இரவு 9.10

மறுநாளே எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். வீராவை உள்ளே பூட்டிவிட்டு, கையில் இரண்டு பால் பாக்கெட். "மன்னிச்சிடுங்க சார். உங்க பயத்தை நான் மதிக்கலை" என்றேன். உள்ளே வரச் சொன்னார். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

ஐயாதான் பேசினார். எட்டு வயதில் ஊரில் நாய் கடித்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து, குன்னூரிலிருந்து வரும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள், தினம் ஒரு ஊசி. அவர் அப்பா மாட்டுவண்டியில் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாராம். "பதினாலு நாளும் நாலு பேர் கையக் காலப் புடிச்சிப்பாங்கம்மா" என்றார். சட்டையைக் கொஞ்சம் தூக்கி வயிற்றைக் காட்டினார். அங்கே தழும்பு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரல் மட்டும் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே போனது.

இரண்டு வருடமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். இதை நான் கேட்டதே இல்லை.

நேரம் பேசி வைத்தோம். காலை 5.50 முதல் 6.10 வரை படி அவருக்கு. நாங்கள் 6.15க்கு. குரைப்பு சில நாள் கூடும் என்றும் சொல்லிவிட்டேன். கூடவும் செய்தது. ஐந்தாம் நாள் மாமனார் பிஸ்கட்டோடு பிடிபட்டார், பிறகு அவரே கோழித்துண்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

இரவுப்பணி செவிலி – அதே இரவு, 10.40

படித்துவிட்டு அழுதேன். என் விஷயமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பகலில் குரைப்பது அவர்களுக்கு உண்மையாகவே தெரியாது. பதிவு செய்ததைக் கேட்டு அந்தப் பெண் கலங்கிவிட்டாள். இப்போது நாய் வீட்டுக்குள் இருக்கிறது. பதினொன்றரைக்கு மேல் அமைதி. அதற்கு முன்பு இன்னும் குரைக்கிறது, நான் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

மாடிவீட்டுக்காரி – ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 8.00

காலிங்பெல் அடித்தால் வீரா இப்போது ஒரே ஒரு தடவை குரைத்துவிட்டுக் கால்மிதிக்கு ஓடுகிறான். பத்தில் ஏழு தடவை. கறிவேப்பிலை விற்கும் அம்மாவை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஏன் என்று தெரியவில்லை. ஐயா நாயைத் தொடுவதில்லை, தொடப்போவதும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் போன வியாழக்கிழமை நேரம் தப்பி இருவரும் படியில் சந்தித்துவிட்டோம். நான் வீராவை மூலையில் உட்கார வைத்து முன்னால் நின்றுகொண்டேன். ஐயா கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியாக இறங்கி எங்களைக் கடந்து போனார். கீழே போய்த் திரும்பி, "இன்னும் ஒரு படி தள்ளி உட்கார வை" என்றார். மனு விஷயத்தைக் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை.

இப்போது புதுக் கவலை, தீபாவளி. இரண்டே வாரம்தான் இருக்கிறது. போன வருடம் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு சிறுநீர் கழித்துவிட்டான். ஐயாவின் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள்.

நாலுகால் நண்பன் – ஞாயிறு, காலை 8.45

வெடிச்சத்தத்தைப் பழக்க இரண்டு வாரம் போதாது, அதை அடுத்த வருடத்துக்கு ஜனவரியில் ஆரம்பிப்போம். இந்த வாரமே டாக்டரிடம் காட்டிப் பயத்துக்கு மருந்து கேளுங்கள். மனிதர் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அன்றைக்கு விடியும் முன்பே வாக்கிங் முடித்துவிடுங்கள். ஜன்னல் இல்லாத அறையில் மெத்தை, மின்விசிறி வேகமாக, பாட்டு. நடுங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுங்கள், அதனால் பயம் கூடாது. கழுத்து பெல்ட்டில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும், வருடாவருடம் மிரண்டு ஓடித் தொலைகிற நாய்கள் ஏராளம். பிள்ளைகளிடம் நேரம் பேசிவையுங்கள். அரசு அனுமதித்த நேரமே காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 தான்.

மாடிவீட்டுக்காரி – ஞாயிறு, மதியம் 12.20

ஐயாவிடம் இப்போதுதான் பேசிவிட்டு வந்தேன். பிள்ளைகள் தெரு முனை மைதானத்தில் போய் வெடிப்பார்களாம். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் எனக்குப் போன் செய்கிறேன் என்றார். அம்மா ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை: அதிரசம் நாய்க்குக் கொடுக்கலாமா?

நாலுகால் நண்பன் – ஞாயிறு, மதியம் 12.35

வேண்டாம், வெல்லமும் எண்ணெயும் வயிற்றைக் கெடுக்கும். உப்பு போடாமல் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு கொடுக்கச் சொல்லுங்கள். கையால் வேண்டாம், கால்மிதியில் வைத்துவிட்டு அவர் நகர்ந்த பிறகு வீராவை விடுங்கள்.